எண்பத்து நான்காம் கலவை

மூன்றாவது முறையும் அளவுமானி நூற்று அறுபத்து நான்கு என்றுதான் காட்டியது. கம்ஷாத் வில்லையை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிப் பூச்சில் கீறல் இல்லை. ஓரம் உடையவில்லை. ஐம்பது தெங்கெ நாணயம் அளவுக்கு ஒரு பீங்கான் வில்லை, அவ்வளவுதான். அழுத்தினால் அதிலிருந்து மின்சாரம் கசியும்; மின்சாரம் கொடுத்தால் துடிக்கும். எவ்வளவு கசிகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எண்பத்து நான்காம் கலவைக்கு அந்த எண் முன்னூற்று ஆறு. இரண்டு வருஷமாக முன்னூற்று ஆறு. கட்டுரையில் முன்னூற்று ஆறு, அமைச்சகம் கொடுத்த பட்டயத்தில் முன்னூற்று ஆறு, ஆய்வகத்தின் வாசலில் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும் பதாகையிலும் ஆள் உயரத்துக்கு முன்னூற்று ஆறு. அதற்குக் கீழே, ‘ஷிம்கெந்தில் பிறந்த ஈயமற்ற பீங்கான்’ என்று நீல எழுத்து.

பொடி அதே ஜாடியிலிருந்து எடுத்தது. அதே பிஸ்மத், அதே சோடியம், அதே பேரியம். நூற்றுக்கு அரைப் பங்கு மாங்கனீசு, அதுவும் அவளே நிறுத்துப் போட்டது. எண்பத்து மூன்று கலவைகளில் பீங்கானின் குணத்தை மாற்றும் மாசுப் பொருள்களை ஒவ்வொன்றாகத் துளி சேர்த்துப் பார்த்துத் தோற்று, எண்பத்து நாலாவதில் மாங்கனீசில் வந்து நின்றவள் அவள்தான். அதே வெப்பம், அதே இரண்டு மணி நேரம். மாறியது ஒன்றுதான். திங்கட்கிழமை பழைய உலையின் சூடேற்றும் கம்பி முறிந்துபோனதால், மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த புது உலையில் சுட்டிருந்தாள்.

அவள் எழுந்து இரண்டாம் கூடத்துக்குப் போனாள். பழைய உலை கம்பி மாற்றுவதற்காகக் கதவு திறந்து ஆறிக்கிடந்தது. சோவியத் காலத்து உலை. ஒரு சின்ன லாரி அளவு இருக்கும். கையை உள்ளே விட்டுச் செங்கல்லைத் தடவினாள். மஞ்சள் செங்கல். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற மஞ்சள்தான். பிறகு புது உலையிடம் வந்து அதன் கதவைத் திறந்தாள். உள்ளே செங்கல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளைவெளேர் என்றிருந்தது.

உலைச் செங்கல் மஞ்சளாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். புதுச் செங்கல்லை அவள் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான ஒலிவாங்கி வில்லைகளை இருபத்தாறு வருஷம் அந்த உலையில்தான் சுட்டார்கள். அவை ஈயப் பீங்கான்கள். சுடும்போது ஈயம் ஆவியாகி எழும். எழுந்து எங்கே போகும்? செங்கல் குடித்திருக்கிறது. குடித்ததை, அடுப்பு சூடேறுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கியிருக்கிறது. வில்லை அதை வாங்கிக்கொண்டு முன்னூற்று ஆறு காட்டியிருக்கிறது. மாங்கனீசு கொடுத்தது நூற்று அறுபத்து நான்கு. மாசே சேர்க்காத வெறும் பீங்கானுக்கு நூற்று இருபத்திரண்டு. இடையிலே இருக்கிற நாற்பத்திரண்டுதான் தன் உழைப்பு என்று அவளுக்குத் தோன்றியது. மிச்சமெல்லாம் களவு. யார் களவாண்டது என்றுதான் தெரியவில்லை.

அப்புறம்தான் அவள் கண் உலையின் தலைப்பகுதியில் பட்டது. அங்கே தகரத் தட்டில் மூன்று சம்சாக்கள் இருந்தன. பொடியை அச்சில் வைத்து வில்லையாக அழுத்தும் பெண்கள் மூன்று பேரின் மதியச் சாப்பாடு. உலை ஓடும் நாட்களில் அங்கே வைத்தால் பதமாகச் சூடாகும். ஓடாத நாளிலும் பழக்கதோஷத்தில் வைத்திருந்தார்கள். உலைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி, அதன்மேல் கம்பளித் துணி மடித்துப் போட்டிருந்தது. அது அக்மாரலின் இடம். இருபத்தாறு வயது, நாலு மாதக் கர்ப்பம். கூடத்தைச் சூடாக்கும் நீராவிக் குழாய் சரியாக வேலை செய்வதில்லை என்பதால், "உலைகிட்ட உட்கார்ந்துக்கோ, வயித்துல குளிர் இறங்கக் கூடாது" என்று அந்த நாற்காலியை நகர்த்திப் போட்டதே கம்ஷாத்தான்.

தட்டை எடுத்து, சம்சாக்களோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"அப்கே! அக்கா! என்ன பண்றீங்க?" அக்மாரல் பதறிக்கொண்டு வந்தாள். "அதுல ஒண்ணு என்னோடது. பூசணிக்காய் சம்சா. எங்க மாமியார் காலையில எழுந்து செஞ்சது."

"கேன்டீன்ல வாங்கித் தரேன். இனிமே இந்தக் கூடத்துல யாரும் வாயில எதையும் வைக்கக் கூடாது. அந்த நாற்காலியையும் வெளிய தூக்கிப் போடு. வேணாம், நீ தூக்காதே. நான் போடறேன்."

"கோவமா இருக்கீங்களா? நான் ஏதாச்சும் தப்பா..."

"நீ இல்லடி" என்றாள் கம்ஷாத். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

ஈயப் பீங்கான் சுட்ட காலத்தில் அந்தக் கூடத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. தீங்கான வேலை என்று பட்டியலில் பெயர். ஆளுக்குத் தினம் அரை லிட்டர் பால், ஆறு மணி நேர வேலை, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஐந்து வருஷம் முன்னதாக ஓய்வூதியம். ஈயமற்ற பீங்கான் என்று அறிவித்த அன்றைக்கு நிர்வாகம் செய்த முதல் வேலை, கூடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தது. பால் நின்றது. வேலை எட்டு மணி நேரமானது. ரத்தம் எடுக்க வருகிற செவிலி வருவதை நிறுத்தினாள். ‘தீங்கு இல்லாத இடத்துல தீங்குப்படி எதுக்கு?’ என்று கூட்டத்தில் கேட்டார்கள், கம்ஷாத்தும் கைதட்டினாள். பழைய ஈய உருக்காலையின் மதிலை ஒட்டிய தெருவில் வளர்ந்தவள் அவள். ஈயம் இல்லை என்ற சொல்லுக்கு அவளைவிட ஆசையாகக் கைதட்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க முடியாது.

லிகாய் ஊடுகதிர் கருவி அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆர்துர் லிகாய், கொரிய வம்சம், ஐம்பத்தெட்டு வயது. எதைக் கேட்டாலும் ஒரு கேலியோடுதான் பதில் சொல்வான். அவள் இரண்டு உலைகளிலும் சுட்ட வில்லைகளில் ஒவ்வொன்றையும் பழைய உலையின் செங்கல் துணுக்கு ஒன்றையும் மேஜையில் வைத்தாள்.

"கல்லு மண்ணெல்லாம் கொண்டு வந்திருக்கே. வீடு கட்டறியா?"

"இதுல ஈயம் இருக்கான்னு பாரு."

லிகாய் கோப்பையைக் கீழே வைத்தான். கேலி எதுவும் வரவில்லை. துணுக்கைத் தட்டில் வைத்துக் கருவியை மூடினான். திரையில் கோடு நெளிந்து நெளிந்து போய், ஓரிடத்தில் மலை மாதிரி எழும்பியது. அது ஈயம். பழைய வில்லையிலும் அதே இடத்தில் ஒரு குன்று. புது உலையின் வில்லையில் அந்த இடம் சமவெளி. அவள் திரையைப் பார்க்கவில்லை. லிகாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்பட வேண்டிய முகம் ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி இயக்குநரு ஒரு வில்லை குடுத்தாரு. பார்த்தேன். அச்செடுத்துக் குடுத்தேன். ‘லிகாய், உலை கொஞ்சம் அழுக்கு, சுத்தம் பண்ணிடுவோம்’னாரு. நானும் பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

"நெனச்சுக்கிட்டேன்."

"அந்தக் கூடத்துல மூணு பொம்பளைங்க இருக்காங்க. ஒருத்தி மாசமா இருக்கா. நீ தினம் அந்த வழியாத்தான் கேன்டீனுக்குப் போறே. ‘அக்மாரல், ராசாத்தி மாதிரி சிம்மாசனத்துல உட்கார்ந்திருக்கியே’ன்னு போன வாரம் கூட ஜோக்கடிச்சே."

"எனக்கு ரெண்டு வருஷத்துல ஓய்வூதியம், கம்ஷாத்."

"அவளுக்கு அஞ்சு மாசத்துல குழந்தை."

கதவை அறைந்து சாத்த நினைத்தாள். ஊடுகதிர் அறைக் கதவு கனமானது. அது தன் பாட்டுக்கு மெதுவாகத்தான் மூடியது. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

இயக்குநர் செயில்கான் ஓர்மானோவிச் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வா, கரிந்தாஸ்" என்றார். தங்கை என்று கூப்பிடுவது காரியம் ஆகவேண்டிய நாட்களில் மட்டும்; அவள் எப்போதும் அவரை அகாய், அண்ணன் என்பாள். மேஜையில் வியாழக்கிழமை நிகழ்ச்சி நிரல் இருந்தது: தலைநகர் அஸ்தானாவிலிருந்து குழு வருகிறது, உற்பத்திக்கு அனுமதி, மழலையர் பள்ளிகளுக்கான பேசும் பொம்மைகளில் இந்த வில்லைகள்தான் ஒலிபெருக்கி. முதல் தவணை நாலாயிரம் பொம்மைகள்.

அவள் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். அதுதான் அவளுக்கு முதலில் பயம் தந்தது. தெரியாதவன் குறுக்கிடுவான்.

"எவ்வளவு இருக்கும்? நூத்துல ரெண்டு பங்கு, மூணு பங்கு" என்றார். "இந்த ஊர்ல ஈயம் எங்க இல்ல? மண்ணுல இருக்கு. ஆப்ரிகாட் பழத்துல இருக்கு. நீயும் நானும் குடிச்சு வளர்ந்த தண்ணியில இருந்துது. செத்தா போயிட்டோம்?"

"பால நிறுத்தினீங்களே, அகாய். ரத்தப் பரிசோதனைய நிறுத்தினீங்களே. தெரிஞ்சேதானே நிறுத்தினீங்க?"

"சட்டப்படி நிறுத்தினேன். கலவையில ஈயம் கிடையாது. எழுதினது நீ. உன் சூத்திரத்துல ஈயம்னு ஒரு வார்த்தை இருக்கா? காட்டு பார்ப்போம்." அவர் சிரித்தார்; பல் வரிசை அழகாக இருந்தது. "உன் பேரு அந்தக் கட்டுரையில ரெண்டாவது பேரு. முன்னூத்தி ஆறு வந்த அன்னிக்கு நீ கூடத்துல டான்ஸ் ஆடினே. நான் பார்த்தேன். இந்தக் குழு வந்துட்டுப் போகட்டும். வசந்த காலத்துல உலைக்குப் புதுச் செங்கல் போடலாம்."

"புதுச் செங்கல் போட்டா நூத்தி அறுபத்தி நாலுதான் வரும்."

"அதான் வசந்த காலத்துல போடலாம்ங்கறேன்."

ஆடியது உண்மை. படியிறங்கும்போது அதுதான் அவளைக் குத்தியது. தன் ஆட்டத்தையே எடுத்துத் தன்னை அடிக்கிறான் மனுஷன். ஆடிய கால்களை வெட்டிப் போடலாமா என்றிருந்தது. ஆனால் படி முடிவதற்குள் கோபம் தன்னிடமிருந்து விலகி, போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. அவள் ஆடியது தெரியாமல். அவர் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்து.

மறுநாள் காலையிலேயே மூன்று பெண்களையும் மினிபஸ்ஸில் ஏற்றி நகர மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். வேலை நேரத்தில் போனதற்கு விளக்கக் கடிதம் கேட்பார்கள், கேட்கட்டும். வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். மற்ற இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள், அழுதார்கள், இயக்குநரின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். அக்மாரல் மட்டும் சட்டையின் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, ஊசி ஏறுவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை அக்மாரலின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஈயம் ஐந்தைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது.

குழு பதினோரு மணிக்கு வந்தது. ஐந்து ஆண்கள், ஒரு பெண். பெண்தான் தலைமை, தடித்த சட்டமிட்ட கண்ணாடி, கையில் தன் நோட்டுப் புத்தகம். இரண்டாம் கூடத்தைக் கழுவி, உலைக்கு வெள்ளிச் சாயம் பூசியிருந்தார்கள். வில்லை அழுத்தும் பெண்களுக்குப் புது வெள்ளை அங்கி கொடுத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். செயில்கான் ஓர்மானோவிச் பேசினார். ஈயத்தால் மூச்சுத் திணறிய ஊர் இன்று உலகத்துக்கே ஈயமில்லாத வழியைக் காட்டுகிறது என்றார். அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நம்பியிருந்த காலத்தில் கம்ஷாத்துக்கே கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது.

"இப்ப நம்ம உலைப் பொறியாளர் ஒரு வில்லைய அளந்து காட்டுவாங்க."

அவளுக்காகத் தட்டில் ஒரு வில்லை தயாராக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அங்கிப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கருவியில் பொருத்தினாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று கருவியின் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பினாள். நூற்று அறுபத்து நான்கு.

"கருவி இன்னும் சூடாகல" என்றார் இயக்குநர் சிரித்துக்கொண்டே.

"காலையிலேர்ந்து ஓடிட்டிருக்கு" என்றாள் கம்ஷாத். "எண்பத்து நாலாம் கலவையோட நிஜமான எண் இதுதான். இது சுத்தமான உலையில சுட்டது. அந்தத் தட்டுல இருக்கறது முன்னூத்தி ஆறு காட்டும். ஏன்னா இந்தப் பழைய உலை மேல வெள்ளி பூசியிருக்கீங்களே தவிர, உள்ள இருபத்தாறு வருஷத்து ஈயம் இருக்கு. கதவைத் திறந்து பாருங்க. செங்கல் எல்லாம் மஞ்சள்."

"கரிந்தாஸ், உனக்கு உடம்பு சரியில்ல. போய் ஓய்வெடு" என்றார் அவர், மிகவும் கனிவாக.

அப்போது வரிசையிலிருந்து அக்மாரல் வெளியே வந்தாள். ஆறேழு பேர் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. வெள்ளை அங்கியின் பொத்தான் வயிற்றில் எட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் இயக்குநரைப் பார்க்கவில்லை. கண்ணாடி போட்ட பெண்ணின் முன்னால் போய் நின்று தாளை நீட்டினாள்.

"உடம்பு சரியில்லாதது எனக்குத்தான். என் ரத்தத்துல இருபத்தி மூணு. வாசல்ல அவ்வளவு பெரிய பதாகை கட்டியிருக்கீங்களே, அதுல இந்த எண்ணையும் எழுதுங்க."

கண்ணாடி போட்ட பெண் தாளைப் படித்தாள். பிறகு உலைக் கதவைத் தானே திறந்து, குனிந்து உள்ளே பார்த்தாள். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினாள். இயக்குநர் மெல்லிய குரலில், விருந்தினருக்காக ஆட்டை அறுத்தாகிவிட்டது, சாப்பாடு ஆறிவிடும் என்றார். அவர்கள் சாப்பிடப் போனார்கள். கம்ஷாத்தால் இன்றைக்கும் செரிக்க முடியாதது அதுதான். அத்தனை பேரும் சாப்பிடப் போனார்கள்.

பத்து நாளில் பழைய உலைக்கு முத்திரை வைத்தார்கள். வில்லைகள் அல்மாத்தியிலுள்ள சோதனைக்கூடத்துக்குப் போய், அங்கேயும் ஈயம் என்று வந்தது. பொம்மை உற்பத்தி நின்றது. பதாகை ஒரு காலையில் காணாமல் போயிருந்தது. இதுவரை சரி. அதற்கப்புறம் நடந்ததுதான் அவளை வயிறெரியச் செய்தது. செயில்கான் ஓர்மானோவிச் தலைநகரத்தில் ஏதோ ஆலோசகர் பதவிக்குப் போனார். போகிற அன்றைக்குப் பூச்செண்டு கொடுத்தார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் போனது. காரணம், உலைப் பொறியாளரின் கவனக்குறைவு. கம்ஷாத்தைப் பொருள் வைப்பறைக்கு மாற்றினார்கள். மூன்று பெண்களும் இரண்டு வருஷத்துக்கான தீங்குப் பட்டியல் உரிமையைக் கேட்டு எழுதிய மனுவுக்கு ஒரே வரியில் பதில் வந்தது: குறிப்பிட்ட காலத்தில் மேற்படி கூடத்தில் ஈயம் சார்ந்த பணி எதுவும் நடைபெறவில்லை.

அந்த வரியை அவள் வைப்பறையில் நின்றபடியே படித்தாள். உட்கார்ந்து படித்தாள். மடித்துப் பையில் வைத்துவிட்டு, திரும்ப எடுத்துப் படித்தாள். பொய் சொல்கிறவன் பொய் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பொய் அம்பலமான பிறகும் அதே பொய்யைக் கடிதத் தலைப்பில் அச்சடித்து, முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு அனுப்புகிறார்களே, அந்தத் துணிச்சலைத்தான் தாங்க முடியவில்லை. வழக்குப் போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

லிகாய் அதற்கு அடுத்த வாரம் வைப்பறைக்கு வந்தான். கேலி பேசவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை மேஜைமேல் வைத்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி, ஈயத்தின் குன்று, ஓரத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று இயக்குநரின் கையெழுத்து.

"அன்னிக்கு ரெண்டு பிரதி எடுத்தேன்" என்றான். "எதுக்கு எடுத்தேன்னு அப்ப எனக்கே தெரியல. தைரியம்னு நெனச்சுடாதே. என்னைக் காப்பாத்திக்க எடுத்து வெச்சதுதான்."

"வழக்குல இதக் குடுத்தா உன் வேலை போகும்."

"நானே வந்து சாட்சி சொல்றேன். தாளு மட்டும் போனா பொய்னுடுவாங்க."

அவள் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நன்றிக்கு அவன் இரண்டு வருஷம் தாமதம். தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள், அவன் குடித்தான்.

ஏப்ரலில், முதல் விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அக்மாரலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ மருத்துவமனைக்குள் யாரையும் விடவில்லை. காய்ச்சல் பரவுகிறது என்று தடை. எல்லா வீட்டுக்காரர்களையும் போலக் கம்ஷாத்தும் லிகாயும் அக்மாரலின் வீட்டாரும் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. பனி உருகிய சேற்றில் பலகை போட்டிருந்தார்கள். அக்மாரலின் மாமியார் துணி மூட்டையோடு நின்றாள். அவள் மகன், அக்மாரலின் கணவன், மேலே பார்த்து இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். பக்கத்தில் யாரோ பலூன்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்றைக்குத்தான் வருகிறது என்று செவிலி சொல்லியிருந்தாள்.

மூன்றாம் மாடி ஜன்னலுக்கு அக்மாரல் வந்தாள். தலையில் வெள்ளைத் துணி. குழந்தையைச் சுற்றிய மூட்டையைக் கண்ணாடிக்கு உயர்த்திப் பிடித்தாள். குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தமும் வரவில்லை. மாமியார், "மூக்கு எங்க வீட்டு மூக்கு!" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"ரிசல்ட் வந்துதா?" என்று கம்ஷாத் கைகளை வாயருகே குவித்துக் கத்தினாள். "அக்மாரல்! எண் என்ன?"

கேட்டதோ, ஊகித்தாளோ, அக்மாரல் ஆமென்று தலையாட்டினாள். குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடியில் வாயை வைத்து ஊதினாள். அந்த வெண்மூட்டத்தில் விரலால் ஏதோ எழுதினாள். உள்ளேயிருந்து எழுதியதால் கீழே நிற்பவர்களுக்கு அது இடவலம் மாறித் தெரிந்தது. குழந்தையின் எடையா, ரத்தத்தின் எண்ணா? அவள் சிரிக்கிறாளா, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாளா?

"படிக்க முடியுதா உனக்கு?" என்றான் லிகாய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி.

"திருப்பி எழுது!" என்று கம்ஷாத் கத்தினாள். "எங்க பக்கம் பார்த்து எழுது!"

வெயில் அந்த ஜன்னலில் நேராக விழுந்திருந்தது. மூட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அக்மாரல் மறுபடியும் கண்ணாடியருகே குனிந்து மூச்சை நிறைய இழுத்தாள்.